வாசகர் கேள்வி பதில்: ஒரே பெயர், இரண்டு பயிற்சி

கேள்வி: என் மகள் டர்பனில் கிளினிக்கல் சைக்காலஜி மாஸ்டர்ஸ், இன்டர்ன்ஷிப், கம்யூனிட்டி சர்வீஸ் எல்லாம் முடித்துவிட்டாள். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் போஸ்ட்டாக்டரல் ஃபெலோஷிப் செய்ய ஆசைப்படுகிறாள். அமெரிக்காவா, இங்கேயா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

பதில்: பாதிக் குழப்பம் அந்தப் பெயரில்தான் அம்மா. நம் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் 'போஸ்ட்டாக்' என்று விளம்பரம் செய்வது பிஎச்.டி. முடித்தவர்களுக்கான ஆராய்ச்சிப் பணி. வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமலே இரண்டு வருடம் ஓடிவிடும். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனையில் அதே பெயருக்கு வேறு பொருள். உளவியலில் டாக்டர் (முனைவர்) பட்டமும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் முடித்தவர்கள், மூத்தவர் மேற்பார்வையில் ஓராண்டோ ஈராண்டோ சர்க்கரை நோய், புற்றுநோய், தீராத வலி என்று வரும் குழந்தைகளைப் பார்ப்பது.

உங்கள் மகள் இங்கே மாஸ்டர்ஸோடு, மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்யலாம். அங்கே அது போதாது. டாக்டர் பட்டம் வேண்டும். அதுவும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் வேண்டும் என்றே பல மருத்துவமனைகள் கேட்கின்றன. இங்கே ஆய்வேடு மட்டும் எழுதி வாங்கும் பிஎச்.டி. அந்த இடத்தில் தடுக்கும். அதனால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே, மதிப்பெண் பட்டியலோடு பயிற்சி இயக்குநருக்கு மின்னஞ்சல் போட்டு இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: வெளிநாட்டுப் பட்டம் செல்லுமா, விசாவுக்குப் பொறுப்பேற்பீர்களா? பெரும்பாலான விண்ணப்பங்கள் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் முடிந்துவிடும். செப்டம்பரிலேயே எழுதுவது நல்லது.

இங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பதிவுப் பிரிவு கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பதிந்து, குழந்தைகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்துதான் அந்த அனுபவத்தைச் சேர்க்க வேண்டும். கேப் டவுனில் 1956 முதல் இயங்கும் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனை, ஜொகன்னஸ்பர்க்கில் 2016இல் திறந்த நெல்சன் மண்டேலா குழந்தைகள் மருத்துவமனை இரண்டிலும் வரும் வேலை விளம்பரங்களைக் கவனித்து வரட்டும். அரசுப் பணி என்றால் இசட் 83 என்ற விண்ணப்பப் படிவம் வேண்டும். 2021 ஜனவரியில் வந்த புதுப் படிவம்தான் செல்லும். பழையதை அனுப்பினாலோ, கையெழுத்தை மறந்தாலோ, எவ்வளவு தகுதி இருந்தாலும் கழித்துவிடுவார்கள்.

கேள்வி: ஃபெலோஷிப் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், பீனிக்ஸ்)

பதில்: மருத்துவமனையின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனி மேற்பார்வை என்று கேளுங்கள். இரண்டு மணிக்குக் குறைந்தால் வேண்டாம்; அமெரிக்கப் பயிற்சி மையங்களின் கூட்டமைப்பான ஆப்பிக் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது. மேற்பார்வையாளர் விடுப்பில் போனால் யார் ஈடு கட்டுவார் என்பதையும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் வெறும் சோதனை எடுத்து அறிக்கை எழுதுவது? அது பாதியைத் தாண்டினால், பயிற்சி என்ற பெயரில் மலிவாக ஆள் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கேயே உரிமம் வாங்கும் எண்ணமிருந்தால் 225 கேள்வி கொண்ட இ.பி.பி.பி. தேர்வு எழுத வேண்டும். அதற்குப் படிக்க நேரம் ஒதுக்குகிறார்களா என்பதையும் விடாதீர்கள்.

கேள்வி: அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? குழந்தையோடு பேசுவதுதானே? (வாசகி, வெருலம்)

பதில்: பேச்சு அதில் ஒரு பங்குதான். ஒன்றைப் பாருங்கள். எட்டு வயதுப் பையன் மாத்திரை விழுங்க மாட்டேன் என்கிறான். வார்டிலிருந்து அழைப்பு வருகிறது. விழுங்குவதில் உடற்கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகுதான் பயிற்சி தொடங்கும். முதல் நாள் மாத்திரையே கண்ணில் படாது. கேக்கின் மேல் தூவும் 'ஹண்ட்ரட்ஸ் அண்ட் தவ்சண்ட்ஸ்' மணி ஒன்றை நடு நாக்கில் வைத்து ஒரு வாய்த் தண்ணீர். தொடர்ந்து மூன்று முறை இறங்கினால் அடுத்த அளவு, பிறகு டிக் டாக் மிட்டாய், கடைசியில்தான் மாத்திரை. ஒரு முறை தவறினால் முந்தைய அளவுக்கே திரும்ப வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது.

கெடுவது எங்கே? அம்மா பையனின் தலையைப் பின்னால் சாய்ப்பதில். சாய்த்தால் தொண்டை இன்னும் சிரமப்படும். வாந்தி வரும் நாளில் பழக்குவதும் தவறு. எல்லாவற்றையும்விட, பொறுமையிழந்து நசுக்கிக் கொடுப்பதில் ஆபத்து. எச்.ஐ.வி.க்கான லோபினாவிர்–ரிடோனாவிர் மாத்திரையை நசுக்கினால் உடலில் சேரும் மருந்து ஏறக்குறைய பாதியாகிவிடும். எச்.ஐ.வி. பரவலாக உள்ள நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இது புத்தகச் சங்கதி அல்ல.

கேள்வி: டர்பன் மருத்துவமனையில் வேலை பார்க்கத் தமிழ் உதவுமா? (மாணவி, டொங்காட்)

பதில்: கொஞ்சம், பாட்டிமாரிடம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதும். வார்டில் சுலு மக்களின் மொழியான இசிஸுலுதான் சோறு போடும். அது வரும்வரை மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். நோயாளியின் அக்காவை மட்டும் நடுவில் உட்கார வைக்காதீர்கள். அவள் எதிரில் அம்மா பாதியைத்தான் சொல்வாள். அந்தப் பாதியிலும் பாதியைத்தான் அக்கா உங்களிடம் சொல்வாள்.