யூதப் பட விழாவுக்கு நாம போலாமா?

அன்புள்ள சார்,
சான் பிரான்சிஸ்கோ யூதத் திரைப்பட விழா பத்தி ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். நான் சன்னிவேல்ல இருக்கேன், சினிமா பைத்தியம். ஆனா அது அவங்க சமூகத்து விழாவாச்சே, சம்பந்தமில்லாத நாம போய் உக்காந்தா நல்லாருக்குமா? நீங்க போயிருக்கீங்களா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமா போங்க. டிக்கெட் எடுத்தா சீட்டு, அவ்ளோதான், நீ யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. 1980ல ஆரம்பிச்சது, யூதப் பட விழாக்கள்லயே இதுதான் முதல்ல வந்தது. பக்தி நிகழ்ச்சின்னு நெனச்சுக்காதீங்க. காமெடி, காதல், டாக்குமெண்டரி எல்லாம் வரும், இஸ்ரேல் அரசைக் கேள்வி கேக்குற படமும் வரும். 2009ல ரேச்சல் கோரி பத்தின டாக்குமெண்டரிய (காசாவுல இஸ்ரேல் ராணுவ புல்டோசர்ல அடிபட்டு செத்துப்போன அமெரிக்கப் போராளிப் பொண்ணு) போட்டப்ப பெரிய சண்டையே நடந்துச்சு.

நான் முதல்ல போனப்ப விழா காஸ்ட்ரோ தியேட்டர்ல. 1922ல கட்டினது, அப்பல்லாம் படத்துக்கு முன்னாடி ஒருத்தர் உக்காந்து ஆர்கன் வாசிப்பார். அன்னிக்கு 'யிட்ல் மிட்ன் ஃபிட்ல்', 1936ல போலந்துல எடுத்த யித்திஷ் படம், யித்திஷ்ங்கிறது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசின மொழி. ஆம்பள வேஷம் போட்டுக்கிட்டு அப்பாவோட ஊர் ஊரா ஃபிடில் வாசிக்கப் போற பொண்ணு கதை, மோலி பிக்கான் நடிச்சது. ஏற்கனவே லேப்டாப்ல பாத்து ஜாலியான படம்னு மூடி வச்சிருந்தேன். இங்க என்னாச்சுன்னா, நான் சப்டைட்டில படிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கத்து சீட்டுப் பாட்டி சிரிச்சு முடிச்சிடுறாங்க, முன் வரிசைல இன்னும் நாலஞ்சு பேர் அதே மாதிரி, வசனம் நேரா காதுல போய் விழுது அவங்களுக்கு.

அப்புறம் கல்யாண சீன். கசிமியேஷ்ங்கிற ஊர்ல, அந்த ஊர் யூத ஜனங்களையே கூட்டி வச்சு எடுத்தது. திரைல எல்லாரும் ஆடுறாங்க, பாடுறாங்க, ஆனா அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டிருந்த தியேட்டர் அப்படியே அடங்கிப்போச்சு. படம் எடுத்து மூணே வருஷத்துல ஜெர்மன் படை போலந்துக்குள்ள வந்துடுச்சு, அங்க இருந்த யூதர்கள்ல பெரும்பாலானவங்கள கொன்னுட்டாங்க. பாட்டி முன் சீட்டப் புடிச்சுக்கிட்டு எக்கி எக்கிப் பாக்குறாங்க, ஹீரோயின இல்ல, பின்னாடி கூட்டத்துல நிக்கிற முகங்கள ஒண்ணொண்ணா. நானும் அதுக்கப்புறம் அந்த முகங்களத்தான் பாத்தேன். லேப்டாப்ல பாத்தப்ப அவங்கள கவனிக்கவே இல்ல.

விழா கோடைலதான், லிஸ்ட் வந்ததும் யித்திஷ் படம் ஏதாச்சும் இருக்கான்னு தேடுங்க, இருந்தா மொதல்ல அத புக் பண்ணுங்க. வயசானவங்க உக்காந்திருக்குற வரிசையா பாத்து உக்காருங்க.