டொனாலிக்காகப் பாட எனக்கு வாய் வரவில்லை

கேள்வி:

அண்ணா, நான் பத்து வருடமாக நியூகாசிலில் இருக்கிறேன். வந்த இரண்டாம் வருடமே இந்த ஊர் ஃபுட்பால் கிளப்பான நியூகாசில் யுனைட்டெட் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆட்டம் நடக்கும் நாள்களில் செயிண்ட் ஜேம்ஸ் பார்க் மைதான வாசலில், கஷ்டப்படுகிறவர்களுக்கு இலவசமாக மளிகை கொடுக்கும் உணவு வங்கிக்காக நன்கொடை வாளி ஏந்தி நிற்பவர்களில் நானும் ஒருவன். என் தங்கை குடும்பமும் இதே ஊரில்தான் இருக்கிறது. போன மாதம் தங்கை வீட்டில் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனபோது, மேலே உணவு வங்கி வவுச்சர் ஒன்று மடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அவள் பெயர்தான் எழுதியிருந்தது. அழுதுகொண்டே சொன்னாள்: மாப்பிள்ளை ஒன்றரை வருடமாக போனில் பெட் கட்டியிருக்கிறார். முதலில் ஃபுட்பால், அப்புறம் ராத்திரி முழுக்க ஸ்லாட் என்ற சூதாட்ட விளையாட்டு. நண்பர்களோடு போட்ட சீட்டுப் பணம், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்து 11,000 பவுண்டு போய்விட்டது.

இதே தப்பைச் செய்த எங்கள் கிளப் ஆட்டக்காரர் சாண்ட்ரோ டொனாலிக்குப் பத்து மாதம் தடை, அவ்வளவுதான். இன்றைக்கு ஸ்டாண்டே அவர் பெயரைப் பாடுகிறது. கோடிக்கணக்கில் சம்பாதிப்பவருக்கு எதற்கு சூதாட்டம்? ஆயுள் தடை கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பக்கத்து சீட் நண்பன், ‘நீ இரக்கமில்லாதவன்’ என்கிறான். என் கோபம் தவறா? மாப்பிள்ளையை என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், நியூகாசில்

பதில்:

தம்பி, நீங்கள் இரக்கமில்லாதவர் இல்லை. குளிரில் வாளி ஏந்தி நிற்கிறவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊருக்காக ஏந்திய வாளி தங்கை வீட்டுக்கும் அரிசி அனுப்பியிருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் ஆயுள் தடை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. டொனாலி செய்தது தப்புதான். இத்தாலியின் மிலான் கிளப்பில் ஆடிக்கொண்டே மிலான் ஆட்டங்களில் பணம் கட்டினார். 2023 ஜூலையில் உங்கள் கிளப்புக்கு வந்த பிறகும் அக்டோபர் வரை கட்டியிருக்கிறார். ஆட்டக்காரருக்கு யாருக்குக் காயம், யார் ஆடப்போகிறார் என்று உள்ளே இருந்தே தெரியும். அதனால்தான் இங்கிலாந்தில் 2014-லிருந்து தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் உலகத்தில் எந்த ஃபுட்பால் ஆட்டத்திலும் பெட் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. தண்டனை வேண்டியதுதான், கிடைத்தது.

அந்தத் தண்டனை எப்படி இருந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இத்தாலி ஃபுட்பால் சம்மேளனம் கொடுத்தது மொத்தம் 18 மாதம். அதில் 8 மாதத்தைக் கழித்து, அதற்குப் பதில் சிகிச்சைக்குப் போக வேண்டும், குறைந்தது 16 இடங்களில் இளைஞர்கள் முன்னால் நின்று நடந்ததைப் பேச வேண்டும் என்றது. அந்தப் பத்து மாதமும் அவர் கிளப்போடு பயிற்சி செய்தார், ஆட்டத்தில்தான் இறங்க முடியவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் திரும்பினார். அடுத்த மார்ச்சில் வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என்று ஜெயித்து, 70 வருடம் கழித்து நியூகாசில் உள்நாட்டுக் கோப்பை ஒன்றைத் தூக்கியபோது அவரும் களத்தில் இருந்தார். நீங்களும் அன்றைக்கு அழுதிருப்பீர்கள்.

கோடி சம்பாதிப்பவருக்கு எதற்கு என்று கேட்டீர்கள். பணம் வேண்டும் என்று சூதாடுகிறவர் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுவார். நோயாகிப் போனவருக்குப் பணம் அடுத்த பெட்டுக்கான டோக்கன் மட்டும்தான். இங்கிலாந்துக்காக 125 ஆட்டம் ஆடிய கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன் 45 வருடம் சூதாட்டத்தில் சிக்கியிருந்ததாக அவரே வெளியில் சொல்லியிருக்கிறார். மனைவி கூடவே நின்றதால் வெளியே வந்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து ஆட்டக்காரர் சட்டையில் வரும் சூதாட்ட விளம்பரங்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள். ஷில்டனுக்கும் டொனாலிக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் வந்த நோய் ஒன்றுதான். விழுந்தபோது கீழே என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம். டொனாலிக்குக் கீழே கிளப், வக்கீல், மருத்துவர், சம்பளம் எல்லாம் இருந்தன. மாப்பிள்ளைக்குக் கீழே உங்கள் தங்கையின் ஃபிரிட்ஜ் இருந்தது.

உங்கள் கோபம் உண்மையில் இந்த வித்தியாசத்தின் மேல்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. அதை ஒரு இளைஞனின் தலையில் இறக்கி வைத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

போக வேண்டிய இடம் எது? ஐவன் டோனி என்ற ஆட்டக்காரரைப் பாருங்கள். 232 சூதாட்ட விதிமீறல்களை ஒப்புக்கொண்டதும் 2023 மே மாதம் அவருக்கு எட்டு மாதத் தடை. சூதாட்ட அடிமைத்தனம் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகுதான் தண்டனையே அந்த அளவுக்குக் குறைந்தது. அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த பிரென்ட்ஃபோர்டு சட்டையின் நெஞ்சில் இருந்தது ஹாலிவுட்பெட்ஸ் என்ற சூதாட்ட நிறுவனத்தின் பெயர். சூதாட்ட நோயாளி ஒருவர் வாராவாரம் சூதாட்ட விளம்பரத்தை நெஞ்சில் சுமந்து ஓடியிருக்கிறார்! உங்கள் கிளப்பும் விலக்கில்லை. 2013 முதல் 2017 வரை நியூகாசில் சட்டையில் வொங்கா. சம்பளம் வருவதற்குள் கையைக் கடிக்கிறவர்களுக்கு அவசரக் கடன் கொடுத்த நிறுவனம் அது. ஒரு சமயம் அதன் விளம்பரத்தில் ஆண்டு வட்டி 5,853 சதவீதம் என்று போட்டிருந்தது. அது போனதும் வந்தது ஃபன்88, ஆறு வருடம். முதலில் கந்துவட்டி, அப்புறம் சூதாட்டம். டைன் நதிக்கரையில் கப்பல் கட்டும் வேலையும் நிலக்கரியும் போன பிறகு கஷ்டப்படுகிற ஊரின் நெஞ்சில் ஒட்டியவை இவைதான். டொனாலி வந்து சேர்ந்த அதே கோடையில்தான் அந்த சூதாட்டப் பெயர் சட்டையிலிருந்து போனது.

பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 ஏப்ரலில் ஒரு முடிவு எடுத்தன: 2025-26 சீசனோடு சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வேண்டாம் என்று. நல்லது. ஆனால் சட்டைக் கையிலும், மைதானத்தைச் சுற்றி ஓடும் பலகையிலும் போடலாம். டிவியில் ஆட்டம் பார்க்கிற பையனுக்கு நெஞ்சு எது, கை எது? ஒவ்வொரு பிரீமியர் லீக் கிளப்பிலும் ரசிகர் ஆலோசனைக் குழு இருக்கிறது, நியூகாசிலிலும் இருக்கிறது. அங்கே எழுதிக் கேளுங்கள்: நாங்கள் வாசலில் உணவு வங்கிக்கு வாளி ஏந்துகிறோம், நீங்கள் உள்ளே எந்தப் பலகைக்கு இடம் கொடுக்கிறீர்கள் என்று. லிவர்பூலில் எவர்ட்டன் ரசிகர்களும் லிவர்பூல் ரசிகர்களும், ஒருவரை ஒருவர் ஆகாதவர்கள், 2015-ல் சேர்ந்து உணவு வங்கிக்குச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். ரசிகன் என்றால் அப்படியும் ஒரு வேலை உண்டு. அந்த வேலையை நீங்கள் ஏற்கனவே செய்கிறீர்கள்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இது தெரிய வேண்டும். கடைகளில் இருந்த சூதாட்ட இயந்திரங்களில் ஒரு தடவைக்கு 100 பவுண்டு வரை போடலாம் என்று இருந்ததை 2019-ல் 2 பவுண்டாகக் குறைத்தார்கள். போனில் இருக்கும் ஸ்லாட்டுக்கு 2025 ஏப்ரல் வரை வரம்பே கிடையாது. இப்போது 5 பவுண்டு, 25 வயதுக்குக் கீழே என்றால் 2. ஒரு சுற்று குறைந்தது இரண்டரை நொடி ஓட வேண்டும் என்பது விதி. அதாவது நிமிடத்துக்கு 24 சுற்று, 120 பவுண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை தூங்கும் அறையில் போர்வைக்குள்ளே போன் வெளிச்சம். ஒரு நிமிடத்தில் தங்கையின் ஒரு வார மளிகை போய்விடும். மாப்பிள்ளை மோசக்காரர் என்று நினைக்கும்போது இந்த நிமிடத்தையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள். பொய் சொன்னார், சீட்டுப் பணத்தை எடுத்தார், அதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஒற்றை ஆளாக ஒரு பெரிய இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சரி, என்ன செய்வது? டொனாலிக்குக் கிடைத்ததை அப்படியே மாப்பிள்ளைக்கும் கொடுங்கள். தண்டனை, சிகிச்சை, கெடு, கூட நிற்கும் ஆள்கள், நான்கும்.

முதலில் உண்மை முழுக்க வெளியே வர வேண்டும். நீங்கள், தங்கை, மாப்பிள்ளை மூவரும் உட்காருங்கள், பெரியவர்கள் கூட்டம் வேண்டாம். எல்லா வங்கிக் கணக்கும், எல்லாக் கார்டும், எல்லாக் கடனும் ஒரே தாளில். 11,000 என்று சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் முதலில் சொல்லும் தொகை முழுத் தொகையாக இருக்காது, அதற்குத் தயாராக இருங்கள். குரலை உயர்த்தினால் மீதியைச் சொல்ல மாட்டார்.

அன்றைக்கே கேம்ஸ்டாப் என்ற சுயத்தடைப் பதிவில் பதியச் சொல்லுங்கள். இலவசம். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தேர்ந்தெடுக்கலாம். இவர் ஐந்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பிரிட்டனில் உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் சூதாட்டத் தளமும் அதன் பிறகு அவரை உள்ளே விடக் கூடாது. உரிமம் இல்லாத தளங்கள் உண்டு, அவை கேட்காது. அதனால் வங்கி ஆப்பிலும் சூதாட்டத் தடையைப் போடுங்கள், பெரும்பாலான வங்கிகளில் இந்த வசதி இருக்கிறது. சம்பளம் கொஞ்ச காலத்துக்குத் தங்கையின் கணக்குக்குப் போகட்டும். மாப்பிள்ளைக்கு இது அவமானமாக இருக்கும். டொனாலி பதினாறு மேடையில் ஏறி நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது, இவருக்கு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள்.

தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தங்கையும் பேசலாம், குடும்பத்தினருக்கும் அது உண்டு. என்.எச்.எஸ் என்ற அரசு மருத்துவ சேவையில் இதற்கென்றே சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமலே அவரே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம்.

கடனை நீங்கள் அடைத்துவிடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணன் மனசு முதலில் அதைத்தான் செய்யும். மொத்தமாக அடைத்துக் கொடுத்தால் கார்டில் மறுபடி கடன் வாங்க இடம் வந்து, அந்தக் கை மறுபடி அரிக்கும். இலவசக் கடன் ஆலோசனைக்கு ஸ்டெப்சேஞ்ச் போன்ற தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஆலோசகர் மூலமாக 60 நாள் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ வாங்கலாம். அந்த நாள்களில் வட்டியும் வசூல் நெருக்கடியும் நிற்கும். சீட்டுப் பணம் மட்டும் வேறு கதை, அதில் நம் ஆள்களின் நம்பிக்கை இருக்கிறது. சீட்டு நடத்துபவரிடம் மாப்பிள்ளையே போய் உண்மையைச் சொல்லித் தவணை கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பேச வேண்டாம்.

தங்கையிடம் தனியாக ஒன்று சொல்லுங்கள். அவர்கள் இன்னும் விசாவில் இருந்தால், உணவு வங்கிக்குப் போனது விசாவைப் பாதிக்குமோ என்ற பயம் இருக்கும். பாதிக்காது. உணவு வங்கி தொண்டு, விசா நிபந்தனையில் சொல்லும் அரசு உதவித்தொகைக்குள் அது வராது. அடுத்த வவுச்சரை அவள் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளையிடமும் ஒன்று நேராகக் கேளுங்கள்: செத்துவிடலாம் என்று தோன்றியதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சூதாட்டக் கடனில் இருப்பவர்கள் அந்த விளிம்புக்குப் போவது உண்டு. ஆமாம் என்றால் அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். 116 123 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் தொண்டு அமைப்பினர் எந்நேரமும் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999.

ஆட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த யோசனை உங்களுக்கு வரும். இந்த சீசன் வேண்டாம். பெட் கட்டிய பழக்கம் உள்ளவருக்குத் தொண்ணூறு நிமிடமும் கை போனைத் தேடும், பலகையில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வேறு நாளில், உணவு வங்கியில் டப்பாக்களைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வீட்டுக்குப் பை வந்த இடம் என்று அவருக்குத் தெரியும். அது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவர் கையில் போன் இருக்காது.

டொனாலி பாட்டு? வாய் வரவில்லை என்றால் பாடாதீர்கள் தம்பி, யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. நண்பனிடம் மட்டும் தங்கை வீட்டுக் கதையைச் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன், நீங்கள் ஏன் எழுந்து நின்றும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?