கடலோரத்துல இருக்கற பழைய குடும்ப வீட்ட ரூம் ரூமா சுத்தம் பண்ணணும், எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

மாமனார் காலத்து வீடு, ராமநாதபுரம் பக்கம், கடல் கூப்பிடு தூரம், மழைக்காலம் முழுக்க பூட்டியே கெடந்துச்சு, பொங்கலுக்கு அண்ணன் தம்பி குடும்பம் அம்புட்டும் வருது, நெட்ல பாத்த லிஸ்ட் எல்லாம் கார்ப்பெட்ட உதறு, சோபாவ வேக்கம் பண்ணுன்னு போகுது, நமக்கு ஒத்து வரலனு எழுதியிருக்கீங்க. ஒத்து வராது தாங்க. அதெல்லாம் தூசிய மனசுல வெச்சு எழுதுனது. நம்ம பக்கம் தூசி ரெண்டாவது, உப்பு தான் மொதல்ல. நான் தேவிபட்டினம் பக்கம் வாக்கப்பட்டு வந்தவ, பொறந்தது கடல விட்டு உள்ள தள்ளி மானாமதுரை பக்கம். அங்க சுத்தம் பண்ற முறை வேற, இங்க வேறங்கறத எங்க அத்தை (மாமியாரத் தான் சொல்றேன்) கூட நின்னு தான் கத்துக்கிட்டேன்.

உப்பு என்ன பண்ணும்னா, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா அது தானாவே ஈரத்த இழுத்து கரைய ஆரம்பிச்சிரும். கடலோரத்துல முக்கால்வாசி ராத்திரி அந்த அளவ தாண்டத் தான் செய்யும். அதனால கம்பியில, சுவத்துல, பீரோ மேல படிஞ்ச உப்பு ராத்திரி நனையும், பகல்ல காயும், மறுபடி நனையும். வீடு பூட்டிக் கெடந்தா கேக்கவே வேணாம். இத மனசுல வெச்சுக்கிட்டா எந்த ரூம்ல எத செய்யணும்னு பாதி தானா புரிஞ்சிரும்: இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும், சுவத்துக்கு தண்ணி காட்டவே கூடாது. ஊர்ல பாதிப்பேரு இத தலைகீழா தான் செய்யறாங்க, சுவத்த ஈரத்துணி போட்டு தொடைக்கிறாங்க, ஜன்னல் கம்பிய காஞ்ச துணியில தட்டி விட்டுட்டு போயிர்றாங்க.

தேதி விசயத்துல நீங்க பண்றது சரி. வைகாசியில புடிக்கிற கச்சான் காத்து (தென்மேக்குக் காத்தத் தான் சொல்றேன்) ஆவணி வரைக்கும் மண்ண வாரிக்கிட்டு வரும், அப்ப பெரிய சுத்தம்னு உக்காந்தீங்கன்னா காலையில தொடச்ச ஜன்னல் கட்டையில சாயங்காலம் விரலால பேரு எழுதலாம். ஐப்பசி கார்த்திகை மழை, ஒரு தலகாணி காயாது. மார்கழி பாதிக்கு மேல மழை ஓஞ்சு வெயில் ஏறுனா அங்க இருந்து பங்குனி வரைக்கும் தான் நமக்கு தோது. இப்ப கொஞ்ச வருசமா நோன்பும் இந்த சீசன்லயே வந்து விழுறதால பக்கத்துத் தெரு பாய் வீடுகள்லயும் இதே நேரத்துல தான் வெள்ளையடிக்க ஆள் தேடுறாங்க, ஆள் கெடைக்காது, இப்பவே சொல்லி வெச்சிருங்க.

வந்த அன்னைக்கு விளக்கமாத்த தொடாதீங்க. எல்லா கதவு ஜன்னலையும் வெயில் நல்லா ஏறுன பெறகு தொறங்க, பொழுது சாயறதுக்கு முன்னாடி சாத்துங்க. மார்கழிப் பனி ராத்திரி உள்ள வந்துச்சுன்னா பகல்ல காஞ்சதெல்லாம் வீணாப் போயிரும். மெத்தை, தலகாணி, பாய் எல்லாத்தையும் மொட்டை மாடிக்கு ஏத்திருங்க.

அப்பறம் எந்த ரூம்னு கேட்டீங்கன்னா, காத்து வர்ற பக்கத்து ரூம். மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல் தென்கடல்னு சொல்லுவாக, பாக் ஜலசந்திப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகடல் பக்கம் வீடுன்னா இப்ப முடிஞ்ச மழைக்காலத்து வாடைக்காத்து உங்க கெழக்கு வடக்கு ஜன்னல தான் அடிச்சு நாசம் பண்ணியிருக்கும். ஏர்வாடி, கீழக்கரை மாதிரி தென்கடல் பக்கம்னா கச்சான் அடிச்ச தெக்கு மேக்கு ஜன்னல பாருங்க. அந்தக் கம்பிகள மொதல்ல நல்ல தண்ணியில கழுவுங்க, போர் தண்ணி வேணாம், நம்ம போர் தண்ணியே உப்பு, கழுவுன மாதிரியே இருக்காது. காவிரித் தண்ணி வர்ற நாள்ல நாலு குடம் இதுக்குன்னு ஒதுக்கி வைங்க. கழுவி, தொடச்சு, வெயில்ல காய விட்டு, துருவ உப்புத்தாள் போட்டு தேச்சு, துரு தடுக்கற ப்ரைமர் ஒரு கோட்டிங், மேல பெயிண்ட். உப்ப கழுவாம மேல பெயிண்ட் அடிச்சா ஒரு மழைக்குள்ள கொப்பளம் கொப்பளமா கெளம்பும். 1914ல தொறந்த பாம்பன் பாலத்துக்கே ஓயாம பெயிண்ட் அடிச்சும் கடைசியில 2022 டிசம்பர்ல ரயில நிப்பாட்டி, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்தாங்க, நம்ம ஜன்னல் கம்பி எம்மாத்திரம்.

சுவர். பழைய வீடுன்னு சொன்னீங்க, அப்ப பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வெச்சு கட்டுனதா இருக்கலாம், இந்தக் கரையில அந்தக் காலத்து வீடுகள் பல அப்படித் தான். கல்லே கடல்ல இருந்து வந்தது, அதனால உப்பு வெளிய இருந்து மட்டும் இல்ல, சுவத்துக்குள்ள இருந்தும் வரும். இடுப்பு உயரத்துக்கு கீழ வெள்ளையா மாவு மாதிரி பூத்து, தொட்டா பொலபொலன்னு உதுரும். அத ஈரத்துணியால தொடச்சா அன்னைக்கு பளிச்சுன்னு இருக்கும், ஆனா கரைஞ்ச உப்பு திரும்ப சுவத்துக்குள்ளயே போயி ரெண்டு வாரத்துல இன்னும் பெரிய வட்டமா பூக்கும். காஞ்ச பிரஷ் போட்டு கீழ பழைய சேலைய விரிச்சு உதிர்த்து, அந்த மாவ அப்படியே சுருட்டி வெளிய கொண்டுபோய் கொட்டணும். தரையில விட்டு தண்ணி ஊத்திக் கழுவுனா அடிச்சுவர் அத குடிச்சிரும். மேல ப்ளாஸ்டிக் எமல்ஷன் அடிக்க சொல்லி பெயிண்ட் கடைக்காரர் சொல்லுவாரு, சுவர் மூச்சு விட வழியில்லாம தோல் தோலா உரிஞ்சு வரும், வேணாம். சுண்ணாம்பு தான் இதுக்கு சரி. கிளிஞ்சல் சுண்ணாம்பு கெடச்சா ராத்திரியே ஊற வெச்சு, துணியில வடிகட்டி, துளி நீலம் கலந்து அடிங்க. ஊற வைக்கையில கொதிக்கும், கண்ணுல தெறிச்சா ஆபத்து, பிள்ளைகள பக்கத்துல விடாதீங்க. இன்னொன்னு, உடஞ்ச எடத்துல அதே கல்லு வெச்சு ஒட்டுப் போடலாம்னு பெரியவுக யாராச்சும் யோசனை சொல்லுவாக, பவளப்பாறை 2001லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வந்துருச்சு, கேஸ் ஆயிரும்.

இனி உள்ளுக்குள்ள ஸ்டோர் ரூம். எங்க வீட்ல இதுக்கு தான் அதிக நேரம் ஆகும், உங்க வீட்லயும் அப்படித் தான் இருக்கும். போன வருசத்து முண்டு மிளகாய் சாக்கு ஒண்ணு மூலையில கண்டிப்பா இருக்கும், நம்ம ஜில்லாவுல இல்லாத வீடு ஏது (2023ல புவிசார் குறியீடெல்லாம் வாங்குன மிளகாய், மூலையில தான் கெடக்கும்). அத ரூமுக்குள்ள வெச்சு உதறாதீங்க, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, மூக்குல ஈரத்துண்டு கட்டிக்கிட்டு, சாக்கோட மெதுவா மாடிக்கு தூக்கிட்டு போயிருங்க. சாக்க நகத்துனா அடியில செவப்பா மாவு கொட்டிக் கெடக்கும், கிட்ட குனிஞ்சு பாத்தா அதுக்குள்ள கடுகளவு பழுப்பு வண்டு ஊரும், மிளகாய் ஒவ்வொண்ணுலயும் ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருக்கும். ஓட்டை விழுந்தது குப்பைக்கு, மிச்சம் நல்ல வெயில்ல காயணும். தோல் வெளுத்து, உள்ள பூசணம் புடிச்சது இருந்தா பொடிக்கு கூட சேக்காதீங்க. மாசி பங்குனியில புது மிளகாய் வந்திரும், கஞ்சத்தனம் வேணாம்.

அதே ரூம்ல கருவாட்டுப் பானை, அப்பத்தா காலத்து பனை ஓலைப் பெட்டி, கொட்டான் எல்லாம் இருக்கும். ஓலைச் சாமான தண்ணியில முக்காதீங்க, வெயில்ல கவுத்துப் போட்டு தட்டுனா போதும். பரண்ல கை விடுறதுக்கு முன்னாடி குச்சி விட்டு தட்டுங்க, தேள் இருக்கும். பனஞ்சட்டத்துல கரையான் மண்கோடு ஏறியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, கோட்ட சுரண்டி விட்டுட்டு சும்மா இருந்தா திரும்ப ஏறும், சுவத்தோரம் எங்க இருந்து கெளம்புதுன்னு தேடிப் போயி அங்க மருந்து அடிக்கணும்.

பெட்ரூம்ல பீரோ மட்டும் தான் வேலை. ஸ்டீல் பீரோவ சுவத்த ஒட்டி வெக்காதீங்க, ஒரு சாண் தள்ளி, அடியில நாலு கட்டை. பட்டுச்சேலைய எடுத்து நிழல்ல காத்தாட போட்டு, மடிப்ப மாத்தி மடிங்க, பழைய மடிப்புல தான் ஜரிகை கருத்து இத்துப் போகும். அந்துருண்டைய ஜரிகை மேல படற மாதிரி போடாதீங்க, துணியில முடிஞ்சு ஓரமா வைங்க. லாக்கர்ல இருக்கற பத்திரம், பட்டா, பழைய தீர்வை ரசீது எல்லாத்தையும் ஒரு தடவ வெளிய எடுங்க. குண்டூசி குத்தி வெச்சிருப்பாக. எங்க மாமனார் வெச்சிருந்த ஒரு கிரயப் பத்திரத்துல ஊசி துருப்புடிச்சு, துரு நாலு தாளையும் ஊடுருவி, சர்வே நம்பர்ல ஒரு எண்ணையே தின்னுருந்துச்சு, அப்பறம் பத்திர ஆபீஸ்ல நகல் போட்டு வாங்குனோம். ஊசி, ஸ்டேப்ளர் பின் எல்லாத்தையும் உருவிட்டு, துணிப்பையிலயோ காகித உறையிலயோ வைங்க. ப்ளாஸ்டிக் கவர்ல ஈரத்தோட அடைச்சா பூசணம். ஒரிஜினல லேமினேஷன் பண்ணாதீங்க, ஃபோட்டோ எடுத்து அண்ணன் தம்பி எல்லாருக்கும் அனுப்பிருங்க, பல சண்ட மிச்சமாகும்.

சாமி ரூம்ல விளக்கு, மணி எல்லாம் புளி போட்டு தேய்ப்பீங்க, சிலர் உப்பும் சேப்பாக, பளபளன்னு தான் வரும், ஆனா நல்ல தண்ணியில அலசி ஒடனே துணியால தொடைக்கலன்னா நாலே நாள்ல பச்சை பூத்திரும்.

கிச்சன் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். சிலிண்டர மட்டும் நகத்திப் பாருங்க, அடியில துரு வட்டம் தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், இனிமே ஒரு பலகை மேல வைங்க.

ஹால்ல ஃபேன் றெக்கைய பழைய தலகாணி உறைக்குள்ள விட்டு இழுத்துத் தொடைங்க, தூசியும் உப்பும் சேந்து பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும், ஈரத்துணியும் துளி சோப்பும் வேணும். அதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிருங்க. ஸ்விட்ச் போட்டா சடசடன்னு சத்தம் வந்தா, ப்ளக் பாயிண்டுக்குள்ள பச்சையா தெரிஞ்சா நீங்களே நோண்டாம எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க. கல்யாண ஃபோட்டோ, பெரியவுக படம் எல்லாத்தையும் கழட்டி பின்பக்கம் பாருங்க, அட்டையில பூசணம் இருந்தா அட்டைய மாத்துங்க, திரும்ப மாட்டும்போது பின்னால ரெண்டு ரப்பர் துண்டு ஒட்டுனா சுவத்துல படாம நிக்கும்.

இப்ப கஷ்டமான வேலை, எத வெளிய போடறதுங்கறது. ஒவ்வொருத்தர் ட்ரங்குப் பெட்டிக்கும் அவங்கவங்க வர்ற வரைக்கும் கை வெக்காதீங்க, துபாய்ல இருந்து வந்த பழைய போர்வையா இருந்தாலும் சரி. எங்க கொழுந்தனாரு காலேஜ் நோட்டு ஒண்ண நாங்க எடைக்குப் போட்டத இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்றாரு. எல்லாரும் வந்த அன்னைக்கு மாடியில பரப்பி வெச்சு "வேணுங்கறத எடுத்துக்கங்க, மிச்சம் சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வர்றாரு"ன்னு சொல்லிருங்க. வேலை முடிஞ்சிரும். போகிக்கு எரிக்கறதுன்னா ஓலை, கிழிஞ்ச பாய், துடைப்பம் இதோட நிப்பாட்டுங்க, டயரும் ப்ளாஸ்டிக்கும் வேணாம். பழைய நைலான் வலை கெடந்தா எரிக்கவும் கூடாது, கரையில வீசவும் கூடாது, திரும்ப கடலுக்குள்ள போயி ஆமை மாட்டும். காசு கொடுத்து எடுத்துக்கற ஆளு ஊர்லயே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

பாத்ரூமக் கடைசியா வைங்க, அழுக்குத் தண்ணி எல்லாம் அங்க தான வந்து ஊத்தப் போறீங்க. உப்புத் தண்ணிக் கறைக்கு ஆசிட் போடறவங்க அன்னைக்கு பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீங்க, ரெண்டும் கலந்தா குளோரின் வாயு கெளம்பும், கதவ சாத்திக்கிட்டு தேய்க்கறவங்களுக்கு மூச்சே அடைக்கும். சிவப்பு ஆக்சைடு தரையா இருந்தா ஆசிட் படவே கூடாது, நெறம் போயி திட்டுத் திட்டா ஆயிரும். குழாய்ல படிஞ்ச வெள்ளைக்கு வினிகர்ல நனைச்ச துணிய ராத்திரி சுத்தி வெச்சாலே போதும்.

மாடித் தொட்டிய எல்லாரும் வர்றதுக்கு மொத நாளே கழுவிருங்க. மொத ரொப்புனத கீழ எல்லாக் குழாயையும் தொறந்து வெளிய விட்டுட்டு ரெண்டாவது ரொப்புறத பொழங்குங்க. குழாய் வாயில இருக்கற சின்ன வலைய கழட்டிப் பாருங்க, மழைக்காலம் முழுக்க நின்ன கசடு அங்க தான் அடைச்சிருக்கும், மோட்டார் சரியில்லனு ஆள கூப்பிடறதுக்கு முன்னாடி அத பாத்திருங்க.