நடுவர் பார்க்காத டச்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பள்ளி வாலிபால் அணியின் கேப்டன். போன மாதம் ஒரு அரையிறுதி. கடைசி செட்டில் எதிரணி 14, நாங்கள் 13. அவர்கள் அடித்த ஸ்மாஷ் வெளியே விழுந்தது. நடுவர் எங்களுக்குப் புள்ளி கொடுத்தார். நாங்கள் எழுந்து கத்திக்கொண்டிருக்கிறோம், இவள் நடுவரிடம் போய், வலைக்கு மேல் கையைத் தூக்கி பிளாக் போடும்போது பந்து தன் விரலில் பட்டது என்று சொல்லிவிட்டாள். புள்ளி அவர்களுக்குப் போனது, அதோடு மேட்ச் போய்விட்டது. ஆத்திரத்தில் கேலரியிலிருந்தே "உன்னை யாரு கேட்டா?" என்று கத்திவிட்டேன். வழியெல்லாம் திட்டினேன். இப்போது "இனிமே மேட்ச் பார்க்க வராதீங்கப்பா" என்கிறாள். எதிரணியில் ஒருத்தி இப்படிச் செய்வாளா? விட்டுக்கொடுக்கவா போட்டிக்குப் போகிறோம்?

ஒரு அப்பா

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிளாக் போட்டவரின் விரலில் உரசி வெளியே போன பந்து, அடித்த அணியின் புள்ளி. அது தவறாகத் தன் பக்கம் வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டாள்.

தங்கள் அணியின் தவறை மறைக்கும் விதமாக நடந்துகொள்ளக் கூடாது என்று சர்வதேச வாலிபால் விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் சும்மா நின்றதற்காக யாரும் அட்டை காட்டப் போவதில்லை, அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று: களத்தில் நிற்கும் ஆறு பேரில் சந்தேகம் கேட்டு நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். அந்த உரிமையைத் தன் அணிக்கு எதிராகப் போகும் உண்மைக்காகவும் ஒரு பள்ளிப் பெண் பயன்படுத்தியிருக்கிறாள். எனக்கு அவளை நினைத்தால் மிகவும் பெருமையாக இருக்கிறது.

எதிரணிப் பெண் செய்வாளா என்று எனக்குத் தெரியாது. செய்வாள் என்று நம்பி உங்கள் மகள் சொல்லவும் இல்லை. 2023-இல் நாடுகளுக்கிடையே நடக்கும் வாலிபால் நேஷன்ஸ் லீக்கில் பச்சை அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீடியோவைப் பார்ப்பதற்கு முன்பே "என் மேல் பட்டது" என்று ஒப்புக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு நடுவர் அதைக் காட்டிப் பாராட்டுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே மறைத்தாலும் கொஞ்ச நேரத்தில் கேமரா காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் மகள் தானாகப் போய்ச் சொல்லியிராவிட்டால் அந்த டச் யாருக்குமே தெரிந்திருக்காது.

ஜெயிக்கும் வெறி இல்லாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்றும் நினைக்காதீர்கள். 2012-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில், 1,600 மீட்டரில் முதலாவதாக வந்த ஒரு மாணவி, அன்றே 3,200 மீட்டரிலும் ஓடினாள். கடைசியாக வந்துகொண்டிருந்தவள், முன்னால் ஓடிய பெண் துவண்டு விழுந்ததும் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து, தனக்கு முன்பாக அவளைக் கோட்டைத் தாண்ட வைத்தாள். இன்னொருவருக்கு உதவினால் தகுதிநீக்கம் செய்யலாம் என்பது விதி. அதிகாரிகள் அப்படிச் செய்யவில்லை. பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தக் கேலரிச் சத்தம்தான். தோற்றுப்போன ஐந்து தோழிகளின் முகத்தை அவள் பார்த்தாக வேண்டிய நேரம் அது. அப்போது அவளுக்கு நன்றாகப் பழகிய குரலே அவளைக் குற்றம் சொல்கிறது. அந்த ஐந்து பேரும் அதைக் கேட்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்தி விரலில் நாளை பந்து உரசினால், அவள் நடுவரிடம் போவதற்கு முன் கேலரியைத் திரும்பிப் பார்ப்பாள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? "ஆனால்" சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். வராதீங்க என்றால் போகாதீர்கள். வேறு யாரையும் தூது அனுப்பாதீர்கள். அவளே கூப்பிடும்போது போனால், எங்கே நிற்கணும், எப்படி அடிக்கணும் என்று நீங்கள் சொல்லாதீர்கள், அதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். பந்து கீழே விழாமல் இரு பக்கமும் மாறி மாறிப் போகும் நல்ல ரேலி என்றால் எந்தப் பக்கம் புள்ளி போனாலும் கைதட்டுங்கள்.

அப்புறம், அணியில் உள்ள மற்ற பிள்ளைகளின் பெற்றோரிலும் சிலர் அவள் மேல் கோபமாக இருக்கலாம். அந்தப் பேச்சு அவள் காதுக்குப் போகும் முன், அவள் செய்தது சரி என்று அவர்களிடம் நீங்கள் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் கத்தினீர்கள். இதையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.