வலிக்கவில்லை என்கிறார் அப்பா

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவன். அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தை போட்ட வீடியோவைப் பார்த்து, மாத்திரையை நிறுத்திவிட்டு, கூரியரில் வரும் ஒரு பொடியை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். குரூப்பிலேயே ஆதாரத்தோடு மறுத்து எழுதினேன். "நாலு எழுத்து படிச்சதும் அப்பனுக்கே பாடமா?" என்றார். குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். ஒரு மாதமாகப் பேச்சில்லை. செருப்பு கடித்த புண்கூட வலிக்கவில்லை, எல்லாம் பொடியின் மகிமை என்கிறாராம். இப்படிப்பட்டவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? மறுபடி குரூப்பில் சேரலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, இது அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். திட்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

புண் வலிக்கவில்லை. இந்த வரியை அப்பாவின் அறியாமைக்கு உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை பல வருடம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். புண் வந்தாலும் தெரியாது. தெரியாததால் அதன் மேலேயே நடப்பார்கள். விரலை எடுப்பதில், சில சமயம் காலையே எடுப்பதில் போய் முடியும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பரீட்சையில் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பீர்கள். பெற்ற அப்பாவின் காலில் இருந்தபோது கண்ணில் படவில்லை! எந்தக் கால், எத்தனை நாளாக, சீழ் உண்டா, சுற்றிலும் கறுத்திருக்கிறதா, ஒன்றும் கடிதத்தில் இல்லை. வீடியோவில் அந்த ஆள் சொன்னதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

உடனே ஊருக்குப் போங்கள். போனதும் முதலில் அப்பாவிடம் மன்னிப்பு கேளுங்கள். மாத்திரை விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான், தெரியும். ஆனால் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அவரை மடையராக்கினீர்கள். அதற்கப்புறம் எந்த மனிதர் மாத்திரைக்குத் திரும்புவார்? பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது பழைய கட்சி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் அந்தக் கட்சிதான்.

பொடியைப் பற்றி அன்று வாயைத் திறக்காதீர்கள். அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் புண்ணின் கட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாம். அப்புறம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரல் நுனிகளை உங்கள் விரலால் லேசாகத் தொட்டு, தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று கேளுங்கள். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அனுப்பிய லிங்க்குகள் செய்யாததை அது செய்யும். எல்லாம் தெரிந்தாலும் சரி, மறுநாள் காலை அம்மாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நீங்களே மருந்து எழுதிக் கொடுக்கும் வேலை வேண்டாம். நீங்கள் இன்னும் டாக்டர் இல்லை.

கிட்னி பயத்தையும் கேலி செய்யாதீர்கள். அது ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை. கிட்னி ஏற்கனவே பழுதானவர்களுக்கு டாக்டர்கள் மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள், ரொம்ப மோசமானால் நிறுத்துவார்கள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், மாத்திரைதான் கெடுத்தது என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரை. கிட்னியின் நிலையைக் காட்டும் பரிசோதனைகளான ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லி, ரிசல்ட்டை அவர் கையில் கொடுத்து விளக்குங்கள். மூலிகை என்றால்தான் நம்புவார் என்றால், மெட்ஃபார்மினின் பூர்விகத்தையும் சொல்லுங்கள். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதிலிருந்த ஒரு சத்து சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டு ஆராய்ந்துகொண்டே போனதில் பிறந்த மருந்துக் குடும்பம் இது. 1957-இல் பிரான்சில்தான் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். லேபிள் இல்லாமல் கூரியரில் வரும் பொடி எந்த மருத்துவத்திலும் சேராது. இப்படிப்பட்ட பொடிகளில் ஆங்கில மாத்திரையையே அரைத்துக் கலந்து விற்றுப் பிடிபட்டதும் உண்டு. அதனால் அந்தப் பாக்கெட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கலாம், ஆனால் முதலில் கால்.

குரூப்பில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். அத்தை போடும் குட் மார்னிங்குக்கு ஒரு வணக்கம் வையுங்கள். வீடியோ வந்தால் அங்கே பதில் எழுதாமல் அத்தைக்குப் போன் பண்ணுங்கள். அவருக்கும் சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாராவது இதுவரை கேட்டீர்களா?