மடிநோய்க்கு ஊசி கேட்கவில்லை, கறப்பவருக்கும் காலில் புண்

கேள்வி: எங்களிடம் நான்கு கலப்பினக் கறவைகள். ஒன்றுக்கு மடிநோய். போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் ஊசியை 2 நாள் போட்டோம், கேட்கவில்லை. சர்க்கரை நோய் உள்ள அம்மா, கால் புண்ணுக்காக 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். அங்கேயும் இரண்டு முறை மருந்தை மாற்றினார்கள். பால் கறப்பது அவர்தான். ஒருவரிடமிருந்து மற்றதற்குத் தொற்றுமா? விற்க முடியாத பாலைக் கன்றுக்கு வைக்கலாமா?

பதில்: தொற்றும், இரண்டு பக்கமும். மனிதர் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மடிநோய் உண்டாக்கும் முக்கியக் கிருமிகளில் ஒன்று. புண் ஆறும்வரை அம்மா கறக்க வேண்டாம், கொட்டகைக்கும் போக வேண்டாம். மாட்டுக்கு அவரிடமிருந்துதான் வந்தது என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள். பரிசோதிக்காமல் அதைச் சொல்ல முடியாது.

மிச்ச ஊசியைப் போட்டது தவறு. அரைகுறை மருந்தில் பலவீனமான கிருமிகள் சாகும், தாக்குப்பிடிப்பவை மடியிலேயே பெருகும். பக்கத்துக் காட்டுக்காரரோடு விதை மாற்றிக்கொள்கிறோமே, அதுபோல மருந்துக்கு அசையாத மரபணுவை பாக்டீரியாக்களும் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன, வேறு இனமாக இருந்தாலும் கூட. மருந்து கலந்த பாலைக் கன்று குடித்தால் இதே கதை அதன் குடலில் நடக்கும். அங்கிருந்து சாணம், வாளி, உங்கள் கை, கடைசியில் ஆஸ்பத்திரி வார்டு. அதனால் கன்றுக்கு வைக்கவே வேண்டாம். கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். கடைசி ஊசிக்குப் பின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று லேபிளில் பாருங்கள். அதில் இல்லையென்றால் 7 நாளுக்குக் குறையக்கூடாது என்பது விதி.

இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மடி கல்லாக இறுகிக் காய்ச்சலும் இருந்தால் ஒரு வேளை கூடத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் மாடு இருப்பதை அம்மாவின் டாக்டரிடமும் சொல்லுங்கள். நெதர்லாந்தில் பன்றி வளர்ப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் இருக்கிறதா என்று சோதித்து, முடிவு வரும்வரை தனி அறையில் வைக்கிறார்கள். நம் ஊரில் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

கட்டுப் பிரித்த துணியும் பஞ்சும் எருக்குழிக்குப் போகக்கூடாது. நிறைய வீடுகளில் அங்கேதான் கிடக்கிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது. தனிப் பையில் கட்டி, மறுமுறை கட்டு மாற்றப் போகும்போது அங்கேயே கொடுத்துவிடுங்கள். புண் கழுவும் வாளி வேறு, மடி கழுவும் வாளி வேறு. சாணத்தைப் பச்சையாகக் காய்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள். குவித்துப் புரட்டி மக்க வைத்தால், உள்ளே ஏறும் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும்.

கறக்கும்போது நல்ல மாடுகள் முதலில், நோய் மாடு கடைசியில். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி, இடையில் சோப்புப் போட்டுக் கை கழுவல். கறந்ததும் காம்புகளைப் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுத்து, உடனே பசுந்தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அதுவரை படுக்காமல் நின்று தின்னட்டும்.