"நெட்டைப் பார்த்துட்டு வந்தீங்களா?"

கேள்வி: எனக்கு 48 வயது. மாதவிடாய் நின்று எட்டு மாதமாகிறது. ராத்திரியில் மூன்று நான்கு முறை உடம்பெல்லாம் அனலடித்து, வியர்த்து, நைட்டி நனைந்துவிடுகிறது. தூக்கம் போச்சு, படபடப்பு வேறு. டாக்டர், "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானேம்மா" என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஃபேஸ்புக்கில் என் வயதுப் பெண்கள் குழு ஒன்றில் இருக்கிறேன். ஹார்மோன் சிகிச்சையில் நன்றாக இருப்பதாகச் சிலர் அதில் எழுதியிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டதும், "நெட்டைப் பார்த்துட்டு வந்தீங்களா? கேன்சர் வரும்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். யாரை நம்புவது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கால்சியம் எலும்புக்கு நல்லதம்மா, அனலடிப்பதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "எல்லாருக்கும் வர்றதுதான்" என்பதும் நிஜம்தான். பிரசவ வலிகூட எல்லாருக்கும் வருவதுதான், அதற்காக வலிக்கு ஊசி போடாமலா இருக்கிறோம்? இது இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போய்விடுகிற தொல்லையும் இல்லை. இந்த அனலடிப்பு பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேலும் நீடிக்கிறது என்று 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

உங்கள் டாக்டரின் கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும், புரோஜெஸ்டரோன் ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற புரோஜெஸ்டின் என்ற மருந்தும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று 2002 ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது, டாக்டர்கள் ஹார்மோன் எழுதவே பயந்தார்கள். ஆனால் எவ்வளவு கூடியது? 10,000 பெண்கள் ஒரு வருடம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் எட்டுப் பேருக்குக் கூடுதலாக. அந்தப் பெண்களின் சராசரி வயது 63! பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. 60 வயதுக்குள் இருந்து, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடம் தாண்டாமல் இருந்து, தொல்லை அதிகமாக உள்ள, வேறு தடை இல்லாத பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பதுதான் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பது, தொடர்பான சிகிச்சைக்கான மருத்துவ அமைப்புகள் இன்று சொல்வது.

இது எல்லா டாக்டர்களுக்கும் போய்ச் சேரவில்லை. 2019-இல் அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சி டாக்டர்கள் 177 பேரிடம் கேட்டதில், மெனோபாஸ் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை என்றவர்கள் ஐந்தில் ஒருவர். இதைக் கையாளத் தயார் என்று தைரியமாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். நான் படித்த காலத்திலும் பிரசவமும் சிசேரியனும் போக மிச்சமிருந்த நேரம்தான் இதற்கு. தெரியாத இடத்தில் ஒருவர் கேள்வி கேட்டால் எங்களுக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும், என்ன செய்ய!

சரி, அதற்காகக் குழுவில் சொல்வதைக் கேட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடாதீர்கள். "எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல் மட்டும் போதுமாக இருக்கு" என்று எழுதுகிறவருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கலாம். அதை அவர் எழுதியிருக்க மாட்டார். கர்ப்பப்பை இருக்கிற நீங்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் அதன் உள்சுவர் தடித்து, கடைசியில் அங்கேயே புற்றுநோய் வரலாம். கூடவே புரோஜெஸ்டரோனும் வேண்டும். அப்புறம், ஆயிரக்கணக்கில் வாங்கும் 'ஹார்மோன் பேக்கேஜ்' டெஸ்ட். 45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறிகளே போதும், அந்த டெஸ்ட் பெரும்பாலும் தேவையில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர் மட்டும் பார்த்துவிடுங்கள். படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும்.

மறுபடி போகும்போது போனில் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டாதீர்கள், அதைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதிக் காது அடைத்துவிடும். இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, உங்களுக்குக் காலில் ரத்தம் உறைந்தது, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் கோளாறு ஏதாவது இருந்ததா. தாளைக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஹார்மோன் கூடாதுன்னு சொல்ற மாதிரி இதில் என்ன இருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள். ஏதாவது இருக்கிறது என்றால் சண்டை வேண்டாம், அனலடிப்பைக் குறைக்க ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. பதிலே சொல்லாமல் மறுபடி வயதைக் காட்டினால் டாக்டரை மாற்றுங்கள். இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் இருக்கும் மகப்பேறு டாக்டர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மாத்திரை ஆரம்பிக்கும் முன் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தீர்களா என்று அவர் கேட்டால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. பன்னிரண்டு மாதம் முழுதாகத் தாண்டினால்தான் நின்றது என்று கணக்கு. இடையில் ஒருமுறை வந்து போனால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வருடம் முடிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் குழுவில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.